பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் மதிப்பு ஏன் குறைந்தது?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஹைஸ்கூல் முடித்தாலே போதும், நிரந்தர வேலை, சொந்த வீடு, குடும்பம் என்று செட்டில் ஆகிவிடலாம் என்கிறார்கள். இன்று அதே ஹைஸ்கூல் டிப்ளோமாவை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சான்றிதழை, யாரும் சீண்டுவதில்லையே, ஏன்? படிப்பின் தரம் விழுந்துவிட்டதா? எல்லாரும் கல்லூரிக்குப் போவதுதான் வழியா?"

'தரம் போய்விட்டது' என்பதுதான் எல்லாரும் சட்டென்று சொல்லும் பதில். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் மதிப்பு சரிந்ததற்கான பெரிய காரணத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் தேடினால் கிடைக்காது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அந்தக் காகிதத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கொஞ்சம் வரலாறு. 1910-ல் அமெரிக்காவில் 18 வயதுப் பிள்ளைகளில் ஹைஸ்கூல் முடித்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் வாக்கில்தான். 1940-ல் அது கிட்டத்தட்ட பாதி ஆகிவிட்டது. முப்பதே வருடத்தில் இப்படி ஒரு பாய்ச்சலை அன்றைக்கு வேறு எந்த நாடும் காட்டவில்லை. பொருளாதார ஆய்வாளர்கள் கிளாடியா கோல்டினும் லாரன்ஸ் காட்ஸும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சின்னச் சின்ன ஊர்கள்கூடத் தங்கள் வரிப்பணத்திலேயே இலவச ஹைஸ்கூல்களைக் கட்டிக்கொண்டன. கணக்கு எழுத, டைப் அடிக்க, கடிதம் தயாரிக்க அலுவலகங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதிதாக வந்த தொழிற்சாலைகளில் வரைபடம் பார்த்துப் புரிந்துகொள்ளவும் மின் இயந்திரங்களைக் கையாளவும் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் கூலி கிடைத்தது. அன்று டிப்ளோமா வைத்திருந்தவர் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தார்.

1940-ல் 25 வயதைத் தாண்டியவர்களை எடுத்துக்கொண்டால் கால்வாசிப் பேரிடம்தான் டிப்ளோமா இருந்தது. 2017 வாக்கில் அந்த விகிதம் 90 சதவீதத்தைத் தொட்டது. இதே காலத்தில் நான்கு வருடக் கல்லூரிப் பட்டம் வைத்திருப்பவர்கள் 5 சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகிவிட்டார்கள்.

இந்த இரண்டு எண்களையும் ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். விண்ணப்பித்தவர் நன்றாக வேலை செய்வாரா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. வெளியில் தெரியும் ஏதாவது ஓர் அடையாளத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் இதைப் பொருளாதாரக் கோட்பாடாகவே எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். எல்லாராலும் எளிதாகப் பெற முடியாத ஒன்றாக இருந்தால்தான் ஓர் அடையாளம் வேலை செய்யும். பத்தில் ஒன்பது பேரிடம் இருக்கும் ஒன்று யாரையும் பிரித்துக் காட்டாது. வரிசையில் நிற்கும் எல்லாரும் ஓரடி முன்னால் நகர்ந்தால் யாருடைய இடமும் மாறுவதில்லை, அதுபோலத்தான் இது. ஒருவருடைய டிப்ளோமா பக்கத்தில் இருப்பவரிடம் அது இல்லாதவரைக்கும்தான் அவரை முன்னுக்குக் கொண்டுபோகும்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, பலர் கவனிக்காதது. டிப்ளோமா வைத்திருப்பதன் லாபம் குறையக் குறைய, அது இல்லாததன் நஷ்டம் ஏறிக்கொண்டே போகிறது. 1940-ல் பள்ளியைப் பாதியில் விட்டவர் சராசரி மனிதர். அப்பாவுக்கு உதவப் போயிருப்பார், ஊரில் ஹைஸ்கூலே இருந்திருக்காது. யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. இன்று பாதியில் விட்டவரைப் பார்த்ததும் 'இவருக்கு என்ன பிரச்சினை?' என்றுதான் முதலில் தோன்றுகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023-க்குக் கொடுத்த கணக்கைப் பாருங்கள். முழுநேர வேலையில் இருக்கும் 25 வயதுக்கு மேற்பட்டவர்களின் இடைநிலை வாரச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்): ஹைஸ்கூல் முடிக்காதவர்களுக்கு 708 டாலர், முடித்தவர்களுக்கு 899, பட்டதாரிகளுக்கு 1,493. வேலையின்மை அதே வரிசையில் 5.6, 3.9, 2.2 சதவீதம். முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் நடுவில் வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர் வித்தியாசம். ஆகவே 'டிப்ளோமா வேஸ்ட்' என்று யாராவது ஒரு பதினாறு வயதுப் பையனிடம் சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அந்தப் பேச்சு அவன் வாழ்க்கையையே பாதிக்கும்.

சரி, அந்த 10,000 டாலர் காகிதத்துக்குக் கிடைப்பதா, அதன் பின்னால் இருக்கும் படிப்புக்கா? இதைப் பிரித்துப் பார்க்க டேமன் கிளார்க், பாக்கோ மார்ட்டொரெல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அழகான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா மாநிலங்களில் டிப்ளோமா வாங்க ஒரு வெளியேறும் தேர்வில் தேற வேண்டியிருந்தது. பல முறை எழுதலாம். கடைசி வாய்ப்பிலும் தவறினால் பெரும்பாலும் டிப்ளோமா கிடையாது. அந்தக் கடைசி வாய்ப்பில் மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கூட்டமும் பன்னிரண்டு வருடமும் ஒரே மாதிரி வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அறிவிலோ உழைப்பிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, ஒருவர் கையில் காகிதம் இருக்கிறது, மற்றவர் கையில் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் பல வருடங்கள் கழித்து அவர்கள் சம்பாத்தியத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், டிப்ளோமாவின் மதிப்பு பற்றிய பேச்சில் நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டை அது பிரித்துக் காட்டுகிறது. பள்ளியில் கற்றதும், தினமும் நேரத்துக்குப் போய் வந்த பழக்கமும் இன்றும் காசு தருகின்றன. காகிதம் மட்டும் தனியாக நின்று எதையும் தருவதில்லை.

ஜி.இ.டி. (GED) என்ற சமானத் தேர்வின் கதையும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப்போரில் படிப்பைப் பாதியில் விட்டுப் போன வீரர்களுக்காக 1942-ல் வந்தது அது. தேறினால் ஹைஸ்கூல் முடித்ததற்குச் சமம் என்று ஏற்பு. ஆனால் பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் ஹெக்மன் பல வருடம் இதைத் தோண்டிப் பார்த்ததில், ஜி.இ.டி. தேறியவர்கள் பரீட்சை அறிவில் ஹைஸ்கூல் முடித்தவர்களுக்கு ஈடாக இருந்தாலும் சம்பாத்தியத்தில் பாதியில் விட்டவர்களை ஒட்டியே இருந்தார்கள். தொடங்கியதை முடிப்பது, பிடிக்காத வேலையையும் பொறுத்துச் செய்வது, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது இவற்றையெல்லாம் ஒரு நாள் பரீட்சை அளக்காது. அமெரிக்க ராணுவம்கூட ஆள் சேர்க்கும்போது இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை.

இப்போது பழைய பொற்காலம் பற்றி. 1950-களில் டெட்ராய்ட்டிலோ பிட்ஸ்பர்கிலோ தொழிற்சாலை வேலையில் சேர்ந்து வீடு வாங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது 'ஹைஸ்கூல் படிப்பை வைத்தே வாங்கினார்கள்' என்கிறோம். 1950-ல் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் ஹைஸ்கூலே முடித்திருந்தது. வீடு வாங்கிய தொழிலாளர்களில் ஏராளமானவர்களிடம் டிப்ளோமாவே கிடையாது. அவர்களுக்கு அந்தச் சம்பளத்தை வாங்கித் தந்தது தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தமும், ஆள் கிடைக்காமல் தவித்த உற்பத்தித் தொழிலும். அன்று தனியார் துறையில் மூன்றில் ஒருவர் தொழிற்சங்க உறுப்பினர். 2023-ல் அது 6 சதவீதம். உற்பத்தித் துறை வேலைகள் 1979-ல் 1 கோடியே 95 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டு, 2010 தொடக்கத்தில் 1 கோடியே 15 லட்சத்துக்கு இறங்கின. தானியங்கி இயந்திரங்கள் பாதி, வெளிநாட்டுப் போட்டி பாதி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த வாழ்க்கை போனதற்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடுவது அநியாயம். பள்ளி அதைக் கொடுக்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை.

டிப்ளோமா எப்படி வேலைக்குச் சம்பந்தமில்லாத வேலியாகப் பயன்பட்டது என்று தெரிய ஒரு வழக்கைப் படிக்கலாம். வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் டான் ரிவர் அனல்மின் நிலையம். 95 ஊழியர்கள், அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். மொத்தம் ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவர்களுக்கு 'லேபர்' என்ற கடைநிலைப் பிரிவில் மட்டுமே இடம். அந்தப் பிரிவில் அதிகபட்சச் சம்பளம் வாங்குபவர்கூட மற்ற நான்கு பிரிவுகளில் குறைந்தபட்சம் வாங்குபவரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். 1955-ல் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: லேபரைத் தவிர வேறு பிரிவில் சேர வேண்டுமானால் ஹைஸ்கூல் முடித்திருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் 1960 கணக்கெடுப்பின்படி வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் ஹைஸ்கூல் முடித்திருந்தார்கள்; கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். இன அடிப்படையில் ஒதுக்குவதை 1964-ன் சட்டம் தடைசெய்த பிறகும் இந்த விதி அப்படியே நின்றது. கூடவே அறிவுத்திறன் தேர்வுகளும் சேர்ந்தன.

வில்லி கிரிக்ஸும் சக தொழிலாளர்களும் வழக்குப் போட்டார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் ஒரு தகவல் வருகிறது, அதை நான் மறக்கவே மாட்டேன். விதி வருவதற்கு முன்பே சேர்ந்திருந்த, டிப்ளோமா இல்லாத வெள்ளை ஊழியர்கள் அதே பிரிவுகளில் நன்றாக வேலை செய்துகொண்டும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டும் இருந்தார்கள். அதாவது நிலக்கரி கையாளும் வேலைக்கு டிப்ளோமா தேவையில்லை என்பது அந்த நிலையத்துக்குள்ளேயே கண்கூடாகத் தெரிந்தது. கேட்கும் தகுதிக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவனம் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

அன்று டிப்ளோமா நின்ற இடத்தில் இன்று கல்லூரிப் பட்டம் நிற்கிறது. 2017-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு தொழிற்சாலை உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கான விளம்பரங்களைப் பார்த்தது. 67 சதவீத விளம்பரங்கள் பட்டம் கேட்டன. அதே வேலையை அப்போது செய்துகொண்டிருந்தவர்களில் பட்டம் பெற்றவர்கள் 16 சதவீதம்தான். உயர் அதிகாரிகளின் செயலாளர் வேலையிலும் இதே கதை: 2014-ல் வந்த ஓர் ஆய்வின்படி கேட்பது 65 சதவீதம், இருப்பவர்களிடம் 19. வேலை மாறவில்லை. நேற்று வரைக்கும் அதைச் செய்தவர் ஓய்வுபெற்றதும் அவர் நாற்காலிக்கு அவரே விண்ணப்பிக்க முடியாத நிலை.

இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சதி செய்வதில்லை. 2008 பொருளாதார மந்தத்துக்குப் பிறகு ஒரு காலியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தது. எல்லாவற்றையும் படிக்க ஆள் இல்லை. ஆன்லைன் படிவத்தில் 'பட்டம் உண்டா?' என்று ஒரு கேள்வி, 'இல்லை' என்றால் மென்பொருளே ஒதுக்கிவிடும். மனிதக் கண் அந்த விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை. மந்தம் முடிந்தது, நிபந்தனை மட்டும் தங்கிவிட்டது, ஏனென்றால் அடுத்த விளம்பரத்தைப் பழைய விளம்பரத்திலிருந்து காப்பி அடித்துத்தான் போடுகிறார்கள். இதில் நிறுவனத்துக்கும் நஷ்டம்தான். மேலே சொன்ன 2017 ஆய்வே பட்டதாரிகளுக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியிருப்பதையும், அவர்கள் சீக்கிரம் வேலையை விட்டுப் போவதையும் காட்டியது.

தரம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான்கு வருடத்தில் ஹைஸ்கூல் முடிப்பவர்களின் விகிதம் 2010-11-ல் 79 சதவீதம், 2018-19-ல் 86. ஆனால் 2019-ல் நடந்த தேசிய மதிப்பீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் வாசிப்பில் 37 சதவீதமும் கணிதத்தில் 24 சதவீதமும்தான் 'தேர்ச்சி' நிலையை எட்டினார்கள். அந்தத் தேர்ச்சி நிலை கொஞ்சம் கடினமானதுதான், வகுப்புக்கேற்ற சராசரி நிலை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் கற்பது அதே வேகத்தில் ஏறாமல் ஹைஸ்கூல் முடிப்பவர்களின் விகிதம் மட்டும் ஏறுகிறது என்றால் தேறும் வரம்பு தளர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தவறிய பாடத்தை ஆன்லைனில் அவசரமாக முடித்து மதிப்பெண் வாங்கும் ஏற்பாடுகள் பெருகின. வெளியேறும் தேர்வுகளைப் பல மாநிலங்கள் கைவிட்டன. மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2024 நவம்பரில் அதை வாக்களித்தே எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் டிப்ளோமாவின் பெயரைக் கெடுத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை.

ஆனால் தரம்தான் உண்மையான கவலை என்றால், வேலை கொடுப்பவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? பள்ளி மதிப்பெண் பட்டியலைக் கேட்டிருக்க வேண்டும். கணிதத்தில் என்ன வாங்கினாய், எத்தனை நாள் மட்டம் போட்டாய் என்று பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பதே இல்லை. நன்றாகப் படித்த பிள்ளையும் ஒப்பேற்றிய பிள்ளையும் படிவத்தில் ஒரே டிக் மார்க். இது மாணவர்களுக்கும் தெரியும். கல்லூரிக்குப் போகப் போவதில்லை என்று முடிவு செய்த ஒரு பிள்ளை கடைசி இரண்டு வருடம் எதற்காக முயற்சி எடுக்க வேண்டும்? இந்த விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம்.

அப்படியானால் எல்லாரும் கல்லூரிக்குப் போகட்டும் என்றால், அங்கே ஒரு படுகுழி இருக்கிறது. கல்லூரியில் சேர்பவர்களில் ஆறு வருடத்துக்குள் ஏதாவது ஒரு பட்டமோ சான்றிதழோ வாங்கி முடிப்பவர்கள் பத்தில் ஆறு பேர் வாக்கில்தான். சேர்ந்து, பாதியில் விட்டவர்களின் வாரச் சம்பளம் 2023-ல் 992 டாலர். ஹைஸ்கூலோடு நின்றவரைவிட 93 டாலர் கூடுதல், அதற்கு அவர்கள் கொடுத்த விலை இழந்த வருடங்களும் கடனும். பட்டம் இருந்தால் கடனை அடைக்கச் சம்பளம் வரும். பட்டம் இல்லாத கடன்தான் ஆளை முறிக்கும். 'எப்படியாவது கல்லூரியில் சேர்ந்துவிடு' என்று பொத்தாம் பொதுவாக அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கூட்டத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதோடு எல்லாரும் பட்டம் வாங்கிவிட்டால் நிபந்தனை முதுகலைக்கு ஏறும். தென் கொரியாவில் 25 முதல் 34 வயதுள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் வாக்கில் பள்ளிக்கு மேல் படித்தவர்கள், நல்ல வேலைக்கான நெரிசல் அங்கே குறையவில்லை. நிறுவனங்களோடு சேர்ந்து தொழில் கற்றுத்தரும் 'மெய்ஸ்டர்' உயர்நிலைப் பள்ளிகளை 2010-லிருந்து அரசே தொடங்க வேண்டி வந்தது.

அந்தப் பெயரே ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே பள்ளி முடித்த ஒருவர் ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, வாரத்தில் சில நாள் வேலை, ஓரிரு நாள் தொழிற்பள்ளி என்று மூன்று வருடம் வாக்கில் படிக்கிறார், சம்பளத்தோடு. அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300-க்கும் மேல். கடைசித் தேர்வை நடத்துவது தொழில் வணிகக் கழகம் போன்ற தொழில் அமைப்புகள். தேர்வாளர்களில் அந்தத் தொழிலின் முதலாளிகளும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் மதிப்பிழக்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான்: அது 'இவர் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கு வந்தார்' என்று சொல்வதில்லை, 'இவருக்கு இந்த வேலை தெரியும்' என்று சொல்கிறது. பத்து வயது வாக்கிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புவது அந்த முறையின் பெரிய குறை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்காவிலும் மாற்றம் தொடங்கியிருக்கிறது. மேரிலாண்ட் 2022-ல் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்ட நிபந்தனையை நீக்கியது. பென்சில்வேனியா 2023-ல் மாநில அரசு வேலைகளில் 92 சதவீதத்துக்கு நீக்கியது. தனியார் நிறுவனங்களும் வரிசையாக அறிவித்தன. ஆனால் 2024-ல் வந்த இன்னொரு ஹார்வர்ட் ஆய்வு, இந்த அறிவிப்புகளால் பட்டம் இல்லாமல் கூடுதலாக வேலை பெற்றவர்கள் முந்தைய வருடத்தில் வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை என்று காட்டியது. விளம்பரத்திலிருந்து ஒரு வரியை அழிப்பது ஒரு நிமிட வேலை. நேர்காணல் எடுக்கும் மேலாளர் இன்னும் பட்டதாரியையே தேர்ந்தெடுக்கிறார், ஏனென்றால் பட்டம் இல்லாதவரை எடுத்து அவர் சொதப்பினால் கேள்வி தன் மேல் வரும் என்ற பயம். வேலைத்திறனை நேரடியாகச் சோதிக்கும் ஒரு வழியை மேலாளர் கையில் கொடுக்காதவரை இது மாறாது.

டிப்ளோமா மட்டும் கையில் இருப்பவருக்கு, அல்லது அதைப் பெறப் போகும் பிள்ளைக்கு, நான் சொல்வது இது. முதலில் அதை முடித்துவிடுங்கள், ஜி.இ.டி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து, திறமையைக் காட்ட இன்னொரு தாள் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நான்கு வருடப் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவுபெற்ற தொழிற்பயிற்சி, கம்யூனிட்டி கல்லூரி என்ற இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில் ஒரு வருடத் தொழில் சான்றிதழ், வணிக வாகன உரிமம் எல்லாமே வழிகள். கல்லூரி என்றால் முடிக்க முடியும் என்ற கணக்கோடு போங்கள். தனியார் லாப நோக்குக் கல்லூரி விளம்பரங்களில் கையெழுத்துப் போடும் முன் அங்கே எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆன்லைன் படிவத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள், முதலாளியே நேரில் ஆள் பார்த்து எடுக்கும் சின்ன நிறுவனங்களில் மென்பொருள் வடிகட்டி கிடையாது.

இவற்றில் எலக்ட்ரீஷியன் பயிற்சியை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், பலருக்கு விவரம் தெரியாது. தொழிற்சங்கமும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து நடத்துவது. நான்கு ஐந்து வருடம், முதல் நாளிலிருந்தே சம்பளம், படிப்படியாக உயரும். சேர ஹைஸ்கூல் டிப்ளோமாவோ ஜி.இ.டி.யோ வேண்டும், ஒரு முழு வருடம் அல்ஜீப்ரா படித்துத் தேறியிருக்க வேண்டும், அதற்குப் பள்ளி மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். பிறகு கணிதமும் வாசிப்பும் கொண்ட ஒரு நுழைவுத் தேர்வு, நேர்காணல். ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவில் தடுமாறும் பிள்ளை வீட்டில் இருந்தால் டியூஷனுக்கான செலவை இப்போதே செய்யுங்கள்.